பட்டினியில் போன சதை

கால்நடை மருத்துவத்துக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் கேட்பது, எந்த நோய்க்கு எந்த மருந்து என்பதைத்தான். அது இப்போது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிறது. என் காலத்து மருந்துகளில் பாதி இன்று கடையிலேயே கிடைக்காது. ஆனால் ஒரு கொட்டகை வாசலில், சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, செய்யலாமா வேண்டாமா என்று அந்த இடத்திலேயே சொல்லியாக வேண்டும் பாருங்கள், அது மட்டும் மாறியிருக்காது. அப்படிப்பட்ட ஒரு நாளையும், அதற்குப் பின் வந்த மாதங்களையும் சொல்கிறேன். சந்தோஷமான சமாசாரம் இல்லை.

எழுபதுகளின் கடைசி. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் இருந்தேன். இன்று தொழிற்சாலைச் சுவர்கள் நிற்கிற இடமெல்லாம் அப்போது ஏரிப் பாசன வயல். பெண் டாக்டர் என்றால் வாசலிலேயே தயங்குவார்கள். “ஆம்பள டாக்டரு எப்ப வருவாரு?” என்று என்னிடமே கேட்டுவிட்டு மாட்டைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு. அப்படிக் கேட்காமல் முதல் நாளே என்னை உள்ளே கூப்பிட்ட வீடு சேசுராஜ் வீடு.

சேசுராஜ் சென்னையில் ஒரு பட்டறையில் சில வருடம் வேலை பார்த்துவிட்டுப் பிள்ளைப்பாக்கம் அருகே சொந்த ஊருக்குத் திரும்பியவர். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு முட்டைக்கோழி வளர்த்தார். கோழிகளைப் பார்த்துக்கொண்டது பெரும்பாலும் அவர் மனைவி ஞானம். சேசுராஜின் அப்பா சவரிமுத்து, எழுபதைத் தாண்டியவர், கொட்டகைக்குப் பக்கத்திலேயே கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு நாய்களையும் கீரிப்பிள்ளைகளையும் விரட்டிக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அவர் கோழிகளோடுதான். சேசுராஜ் கோழிகளை எண்ணிக்கையாகப் பார்ப்பார். பெரியவர் அப்படி இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு வைத்திருப்பார்.

முட்டைக்கோழி ஒரு வருடத்துக்கு மேல் இட்டுவிட்டால் களைத்துப்போகும். புதுக் குஞ்சு இறக்க முடியாதவர்கள் அந்தக் காலத்தில் ஒரு வழி செய்வார்கள். ‘பட்டினி போடுவது’ என்றே அதற்குப் பெயர். சில நாள் தீவனத்தை அடியோடு நிறுத்தித் தண்ணீர் மட்டும் வைப்பார்கள். இறகெல்லாம் கொட்டும், முட்டை நிற்கும், உடம்பு வற்றும். பிறகு தீவனம் போட்டால் புது இறகு முளைத்து, கோழி மறுபடியும் இடத் தொடங்கும். இன்று இதைச் செய்ய நீங்கள் தயங்குவீர்கள். தயங்கத்தான் வேண்டும். அன்று அது சாதாரணம்.

சேசுராஜ் முதல் தடவை பட்டினி போட்டபோது வழி காட்டியவர் எனக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்த பெரிய டாக்டர். பேர் வேண்டாம். இந்த வட்டாரத்தில் கோழி வளர்ப்பு தலையெடுத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. கல்லூரியில், பெண்ணாயிற்றே என்று மற்றவர்கள் என்னைத் தள்ளி நிறுத்தியபோது, கத்தியைக் கையில் கொடுத்து “அறுத்துப் பாரும்மா, அறுக்காம எப்படித் தெரியும்?” என்றவர் அவர். அந்த முதல் பட்டினி அற்புதமாகப் பலித்தது. இளம் கோழிகள். வயிற்றுக் கொழுப்பு கரைந்து, பிறகு பழையபடி உடம்பு தேறி, இன்னொரு வருடம் முட்டை கொடுத்தன. சேசுராஜ் அவர் படத்தை வீட்டில் மாட்டாததுதான் குறை.

அடுத்த வருடம் குஞ்சு பொரிக்கிற பண்ணையில் நோய் வந்து, மழைக்காலம் முடியும்வரை குஞ்சே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அதே கோழிகளை இன்னொரு தடவை பட்டினி போடலாமா என்று சேசுராஜ் கேட்டார். நான் வேண்டாம் என்றேன்.

காரணம் இருந்தது. என் முதல் வேலை வறட்சி பிடித்த ஒரு தாலுகாவில். அங்கே ஒரே நுகத்தில் பூட்டின இரண்டு மாடுகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்று இளசு, ஒன்று வயசானது. கோடையில் இரண்டும் ஒரே பட்டினி கிடந்தன. மழை வந்து புல் முளைத்ததும் இரண்டும் ஒரே புல்லைத்தான் மேய்ந்தன. இளசுக்குத் தொடையும் தோளும் திரும்பின. கிழ மாட்டுக்கு வயிறு உருண்டது, தோல் மினுங்கியது, ஆனால் படுத்தால் எழுந்திருக்கத் தூக்கிவிட வேண்டியிருந்தது. பட்டினியில் போனது சதை. திரும்பி வந்தது கொழுப்பு. வயசான உடம்பின் வழக்கம் அது. கோழிக்கும் அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

சேசுராஜ் பஸ் ஏறிப் போய்ப் பெரிய டாக்டரைக் கேட்டார். “போன தடவை நல்லா வந்துதே, இந்தத் தடவையும் வரும்” என்று அவர் சொல்லியனுப்பினார். அதற்கு மேல் என் பேச்சு எடுபடவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன் கழிந்த சில நாளில் தீவனத் தொட்டிகளைத் தூக்கிக் கட்டினார்கள். நான் போனபோது கொட்டகை முழுக்க ஒரே கூச்சல். பசித்த கோழிகளின் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். முதல் நாட்களில் காது அடைக்கும். பிறகு அது குறைந்துகொண்டே வரும். குறைவது அதைவிட மோசம்.

பெரியவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கஞ்சிக் கிண்ணம் ஆறிப்போய்க் கிடந்தது.

“ஒருசந்தியா தாத்தா?” என்றேன். தவக்காலத்தில் ஒருவேளை மட்டும் சாப்பிடுகிற அந்த நோன்பை அவர் வருடா வருடம் வெள்ளிக்கிழமைகளில் இருப்பார் என்று எனக்குத் தெரியும்.

“வெள்ளிக்கெயமை மட்டும் இல்லம்மா. இந்த வாட்டி ஈஸ்டர் வரிக்கும் ஒரு வேள கஞ்சிதான்.”

“இந்த வயசுலயா?”

“வாயில்லாத ஜீவன் பசியில கத்திக்கினு கீது. அது மூஞ்சியப் பாத்துக்கினு நான் எப்டிம்மா துன்றது? எம் புள்ள செய்யற பாவத்துக்கு நானாவது கூடக் கெடக்கறேன்.”

உங்கள் உடம்பு தாங்காது என்றேன். அவர் சிரித்தார். “நீ கோயி டாக்டரு. போய்க் கோயியப் பாரு.”

ஞானம் பங்குச் சாமியாரிடம் போய், வயதானவர்களுக்கு நோன்புக் கடமை இல்லை என்று சாமியார் வாயாலேயே சொல்ல வைத்தாள். பெரியவர், “சாமியாரு சின்னப் பையன், அவருக்கு இன்னா தெரியும்” என்றுவிட்டார். அவள் கஞ்சியில் வேர்க்கடலையை அரைத்துக் கலந்து பார்த்தாள். முதல் வாயிலேயே கண்டுபிடித்துக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். சேசுராஜ் கொஞ்ச நாள் அப்பாவோடு பேசவே இல்லை. தன் தொழிலைப் பழிக்கவே அவர் பட்டினி கிடக்கிறார் என்று அவருக்குக் கோபம்.

இனி அந்த நாள். பெரிய டாக்டரே கோழிகளைப் பார்க்க வந்திருந்தார். சேசுராஜ் தராசில் சில கோழிகளை நிறுத்துக் காட்டினார். “எடை சரியாத்தான் குறையுது. இறகும் கொட்டுது. இன்னும் ரெண்டு மூணு நாள் பொறுத்துக்கோ” என்றார் அவர்.

நான் கொட்டகைக்குள் போய்க் கோழிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி நெஞ்சைத் தடவினேன். எலும்பு கத்தி மாதிரி கையில் இடித்தது. வயிறு மட்டும் மெத்தென்று இருந்தது. மூலையில் ஒரு கோழி அப்போதுதான் செத்துக் கிடந்தது. அதை வெளியே கொண்டுவந்து சாக்கு விரித்து அறுத்தேன். வயிற்றுக்குள் மஞ்சள் கொழுப்பு பாளம் பாளமாக அப்படியே இருந்தது. நெஞ்சில் ஒரு சீவல் சதைகூட இல்லை.

“சார், கொழுப்பு கரையல. சதைதான் போயிருக்கு” என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். “ஒரு கோழியை வெச்சு முடிவு பண்ணாதே. இது ஏற்கெனவே நோஞ்சானா இருந்திருக்கும்.”

“கையில எடுத்ததெல்லாம் இப்படித்தான் இருக்கு சார்.”

“பாதியில தீவனம் போட்டா முட்டையும் வராது, பட்டினி போட்டதும் வீண். அது தெரியுமில்ல?”

தெரியும். அதுதான் கஷ்டம். பட்டினியை நிறுத்தினால் அந்தக் குடும்பத்துக்கு மழைக்காலம் முடியும்வரை வரும்படி இல்லை. நிறுத்தாவிட்டால் கொட்டகையே காலியாகலாம். எதிரில் நிற்பவரோ, எனக்கு இந்தத் தொழிலையே கொடுத்தவர். என் பயத்தில் எவ்வளவு கோழிகளுக்காக, எவ்வளவு அவருக்காக என்று யோசித்துப் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்க்காமல் இருந்தால் என்ன சொல்வேன் என்று என்னையே கேட்டேன். பதில் உடனே வந்தது. உங்களுக்கு அப்படி ஒரு நேரம் வந்தால் இதையே செய்து பாருங்கள்.

“சார், நான் தீவனம் போடச் சொல்றேன்.”

அவர், “இது உன் ஏரியா. உன் முடிவு” என்று சொல்லிவிட்டுக் கை கழுவக் கிணற்றடிக்குப் போனார்.

சேசுராஜ் தவித்துப்போனார். “இன்னாம்மா இது? அவரு ஒண்ணு சொல்றாரு, நீங்க ஒண்ணு சொல்றீங்க. நான் யாரு பேச்சக் கேக்கறது?”

ஞானமோ கொட்டகைக்குள் போய்த் தொட்டிக் கயிறுகளை அவிழ்க்க ஆரம்பித்தாள். ஒரேயடியாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போடச் சொன்னேன். தீவனம் விழுந்த சத்தத்துக்கு எழுந்து ஓடிவந்த கோழிகளில் பல வழியிலேயே உட்கார்ந்துவிட்டன.

நான் சொன்னது சரியாகிவிட்டது, எல்லோரும் பாராட்டினார்கள் என்று இங்கே முடித்துவிடலாம். அப்படி நடக்கவில்லை. கோழிகள் சில வாரத்தில் பழைய எடைக்கு வந்தன. பார்க்கக் கொழுகொழு என்றிருந்தன. முட்டை மட்டும் வரவில்லை. “பெரிய டாக்டரு சொன்னபடி விட்டிருந்தா இந்நேரம் முட்ட கொட்டிக்கினு இருக்கும்” என்று சேசுராஜ் என் காதுபடவே சொன்னார். நான் நிறுத்தியதால் கோழிகள் பிழைத்தனவா, நிறுத்தியதால்தான் முட்டை வரவில்லையா, யாரால் சொல்ல முடியும்? நீங்கள் எடுக்கிற முடிவுகளில் பல இப்படித்தான் இருக்கும். எடுக்காத முடிவு என்ன ஆகியிருக்கும் என்று காட்டுவதற்கு இன்னொரு கொட்டகை கிடையாது.

பிறகு மெல்லத் தெரிந்தது. உயரத்தில் இருந்த முட்டைப் பெட்டிக்குக் கோழிகளால் தாவ முடியவில்லை. இட்ட சில முட்டைகளையும் கீழேயே உமியில் இட்டன. கறிக்கு விற்கலாம் என்று கூப்பிட்ட வியாபாரி இரண்டு கோழிகளின் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “வெறும் நெய்யி. கறி எங்க கீது?” என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பெரிய டாக்டருக்கு நான் எதுவும் சொல்லியனுப்பவில்லை. அவராகவே ஒருநாள் பஸ்ஸில் வந்து இறங்கினார். நேராகக் கொட்டகைக்குள் போனார். வெகுநேரம் ஒவ்வொரு கோழியாகத் தூக்கித் தடவிப் பார்த்தார். வெளியே வந்தபோது வேட்டியெல்லாம் உமி.

“சேசுராஜ், தப்பு என்னுது” என்றார். “இளம் கோழிக்கு நடந்ததை வெச்சு வயசான கோழிக்கும் சொல்லிட்டேன். தராசைப் பார்த்தேன், தொட்டுப் பார்க்கல. இந்தப் பொண்ணு அன்னிக்கு நிறுத்தலன்னா உனக்கு இதுகூட மிஞ்சியிருக்காது. இவமேல கோவப்படாதே.”

ஒரு விளக்கமும் சொல்லவில்லை. வெயில், தீவனம், குஞ்சுப் பண்ணை என்று சொல்ல ஆயிரம் இருந்தது. அவரிடம் நான் கற்றவற்றில் பெரியது அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பெரிய பேர் உள்ளவர் ஒரு சின்னக் கொட்டகையின் வாசலில் நின்று அதைச் சொல்வது சாதாரணம் இல்லை.

அன்று அவர் சவரிமுத்துவோடு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார். ஈஸ்டர் முடிந்து நாளாகியிருந்தது. பெரியவர் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கன்னம் நிறைந்துவிட்டது, சட்டைப் பொத்தான் வயிற்றில் இழுத்துக்கொண்டு நின்றது. ஊரில் எல்லோரும் பெரிசு தேறிட்டாரு என்றார்கள். நாங்கள் விடைபெறும்போது வழியனுப்ப அவர் கட்டிலிலிருந்து எழ முயன்றார். முடியவில்லை. ஞானம் வந்து கை கொடுத்தாள். ஏதோ கால் மரத்துப்போனதுபோல அவர் சிரித்துச் சமாளித்தார்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பெரிய டாக்டர் கேட்டார். “அந்தப் பெரியவர் தொடையைப் பார்த்தியா?”

“பார்த்தேன் சார்.”

“எனக்கும் அவர் வயசுதான்” என்றார்.

ஞானத்துக்கும் அது தெரிந்திருந்தது. அடுத்த முறை நான் போனபோது கொல்லைப்பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னாள். “மாமாவால குந்தினா எழுந்திருக்க முடியல டாக்டரம்மா. கெணத்தாண்ட செவுத்தப் புடிச்சிக்கினு நிக்கறாரு. இவருகிட்ட சொன்னா, நல்லாத்தான துன்றாரு, ஒடம்பு போட்டுகீறாரேங்கறாரு. எனக்குக் கோயிங்கதான் ஞாபகத்துக்கு வருது.”

பெரியவரைச் சம்மதிக்க வைத்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனோம். எடை சரியாக இருந்தது. இரத்த அழுத்தமும் சரியாக இருந்தது. அங்கிருந்த டாக்டர் நல்லவர்தான். வயசாச்சு, சத்து மாத்திரை போடுங்க என்றார். அந்தக் காலத்தில் அதற்கு மேல் சொல்ல அவரிடம் என்ன இருந்தது? ஞானம் தினமும் முட்டையும் பருப்பும் கொடுத்தாள். கையைப் பிடித்துக் கொட்டகையைச் சுற்றி நடக்க வைத்தாள். அவரும் முரண்டு பிடிக்காமல் நடந்தார். ஒரு முறை, நான் பக்கத்தில் இருக்கும்போது, “நீ சொன்னத அப்பவே கேட்டிருக்கலாம்மா” என்றார். “ஆனா அந்தக் கத்தல் இன்னும் காதுல கீது. மறுபடியும் அப்டித்தான் செஞ்சிருப்பேன்.” அவருடைய தொடையில் கொஞ்சம் பலம் வந்ததாகக்கூட ஞானம் நம்பினாள்.

மழைக்காலம் தொடங்கியபோது, கொட்டகைக்குள் தண்ணீர் புகுகிறதென்று தடுக்கப் போன பெரியவர் சேற்றில் விழுந்தார். சறுக்கியதும் தன்னை நிறுத்திக்கொள்ளக் காலில் வலு இல்லை. இடுப்பு எலும்பு முறிந்தது. அதன் பிறகு படுக்கைதான். நெஞ்சில் சளி கட்டி, கிறிஸ்துமஸ் வருவதற்குள் போய்விட்டார்.

அடக்கத்துக்குப் பெரிய டாக்டரும் வந்திருந்தார். கல்லறையிலிருந்து வீட்டுக்குத் திரும்பினோம். சொந்தக்காரர்கள் சமைத்துக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். சேசுராஜ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முந்தின நாளிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்றார்கள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

“நீங்க கோயிக்கு நிறுத்தினீங்களே டாக்டரம்மா. அத்தினி பேரு எதிர்ல நிறுத்தினீங்களே. எங்க நைனாவுக்கு ஏன் நிறுத்தல?”

சொல்லிப் பார்த்தோம், அவர் கேட்கவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஞானம் சாமியார்வரை போனதை நினைவுபடுத்தியிருக்கலாம். இந்த மாதிரிக் கேள்வி உங்களிடமும் வரும். மாடு போன வீட்டில், கோழி போன வீட்டில், சில சமயம் ஆளே போன வீட்டில். அப்போது அவசரப்பட்டு உங்கள் பக்கத்து நியாயத்தை எடுத்து வைக்காதீர்கள். அவர் கேட்டது என்னை இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அந்தத் தவக்காலத்தில் அப்பாவோடு பேசாமல் இருந்த நாட்களைத்தான் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பெரிய டாக்டரும் வந்து உட்கார்ந்தார்.

ஞானம் உள்ளே போய்த் தட்டுகளை எடுத்துவந்தாள். சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றிக் கணவன் முன்னால் வைத்தாள். அவர் தள்ளினார். அவள் திரும்பவும் நகர்த்தி வைத்தாள்.

“இந்த வூட்ல பட்டினி கெடந்தது போதும்” என்றாள். “துன்னு.”

அவள் குரலை உயர்த்தவில்லை. சேசுராஜ் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வாய் எடுத்தார். அழுதுகொண்டே மென்றார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் எடுத்தார். எனக்கும் பெரிய டாக்டருக்கும் ஞானம் பரிமாறினாள். நாங்கள் மூவரும் சாப்பிட்டு முடித்தோம். அவள் கடைசியாகத்தான் உட்கார்ந்தாள். சேசுராஜ் எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து, அவளுக்குச் சோறு போட்டார்.